ஹெர்பர்ட் சைமன்

ஹெர்பர்ட் அலெக்சாண்டர் சைமன் (ஜூன் 15, 1916 – பெப்ரவரி 9, 2001) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சமூக அறிவியலாளர் ஆவார். அரசியல் அறிவியலில் பட்டம் பெற்ற இவர் பொது நிர்வாகம், பொருளியல், உளவியல், கணினியியல் ஆகிய துறைகளிலும் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படுகிறார். நிறுவனங்களில் பொறுப்பு வகிப்போர் உண்மையில் எவ்வாறு முடிவெடுக்கின்றனர் என்பது இவர் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த கேள்வியாகும். மனிதரின் அறிவும், நேரமும், கணிக்கும் ஆற்றலும் எல்லைக்குட்பட்டவை. ஆகையால் அவர்கள் மிகச் சிறந்த வழியைத் தேடிக்கொண்டே இருப்பதில்லை. போதுமான அளவு நல்ல வழி ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திக்கொள்கின்றனர். இதுவே சைமன் கண்ட விடை. இக்கருத்து வரம்புக்குட்பட்ட பகுத்தறிவு என அழைக்கப்படுகிறது.

1975 இல் கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருதை ஆலன் நியூவெல் என்பவருடன் பகிர்ந்துகொண்டார். 1978 இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசைப் பெற்றார். டூரிங் விருது, பொருளியல் நோபல் பரிசு ஆகிய இரண்டையும் பெற்ற ஒரே மனிதர் இவரே.

இளமைக்காலம்

சைமன் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள மில்வாக்கி நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் சைமன் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பொறியியல் கற்று, 1903 இல் அமெரிக்காவில் குடியேறியவர். மின்பொறியாளராகப் பணியாற்றிய அவர் பல கருவிகளைக் கண்டுபிடித்துக் காப்புரிமம் பெற்றார். பின்னாளில் காப்புரிமச் சட்ட வழக்கறிஞராகவும் விளங்கினார். தாய் எட்னா மெர்க்கல் தேர்ந்த பியானோ கலைஞர். சைமனும் இளமையிலேயே பியானோ கற்றார்.

மில்வாக்கியின் பொதுப் பள்ளிகளில் கல்வி பயின்ற சைமன், பள்ளி நாட்களில் வண்டுகளைச் சேகரிப்பதில் ஆர்வம் காட்டினார். இவர் நிறக்குருடு உடையவர். இவருடைய தாய்மாமன் ஹரோல்ட் மெர்க்கல், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் காமன்ஸ் என்னும் புகழ்பெற்ற பொருளியலாளரிடம் கற்றவர். அவர் இளம் வயதிலேயே காலமானார். அவர் விட்டுச்சென்ற பொருளியல், உளவியல் நூல்கள் வீட்டில் இருந்தன. அவற்றைப் படித்ததன் மூலம், இயற்கையைப் போலவே மனித நடத்தையையும் அறிவியல் முறையில் ஆராயலாம் என்ற எண்ணம் சைமனுக்குத் தோன்றியது.

சிகாகோப் பல்கலைக்கழகம்

1933 இல் சைமன் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சமூக அறிவியலுக்கும் இயற்பியலைப் போன்ற கணித உறுதி தேவை என்று அவர் கருதினார். முதலில் பொருளியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க விரும்பினார். அதற்குக் கணக்கியல் கட்டாயப் பாடம் என்பதை அறிந்ததும் அரசியல் அறிவியலுக்கு மாறிக்கொண்டார். எனினும் பொருளியலை அவர் கைவிடவில்லை. ஹென்றி ஷுல்ட்ஸ் என்பவரிடம் கணிதப் பொருளியலையும், ருடால்ஃப் கார்னப் என்பவரிடம் தருக்கவியலையும், நிக்கோலஸ் ரஷெவ்ஸ்கி என்பவரிடம் உயிரியலில் கணிதத்தைக் கையாளும் முறையையும் கற்றார். அரசியல் அறிவியலில் சார்ல்ஸ் மெரியமும் ஹரோல்ட் லாஸ்வெலும் அவருக்கு வழிகாட்டினர். 1936 இல் இளங்கலைப் பட்டமும், 1943 இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

1937 டிசம்பர் 25 ஆம் நாள் டொரோத்தியா பை என்பவரை மணந்தார். டொரோத்தியாவும் சிகாகோவில் அரசியல் அறிவியல் பயின்றவர். பிற்காலத்தில் இயற்பியல் கணக்குகளை மாணவர் தீர்க்கும் முறை பற்றி இருவரும் இணைந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினர். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

விளையாட்டுத் திடல் ஆய்வு

சைமனின் பிற்கால ஆய்வுகள் யாவற்றுக்கும் வித்திட்டது மாணவப் பருவத்தில் அவர் செய்த ஒரு சிறிய ஆய்வு ஆகும். 1935 இல் தம் சொந்த நகரமான மில்வாக்கியின் பொது விளையாட்டுத் திடல்கள் எவ்வாறு நிர்வகிக்கப்படுகின்றன என்பதை அவர் ஆராய்ந்தார். திடல்களைப் பராமரிக்கும் பொறுப்பு ஓர் அமைப்பிடமும், அங்கு பிள்ளைகளின் விளையாட்டுக்களை வழிநடத்தும் பொறுப்பு வேறோர் அமைப்பிடமும் இருந்தன. இவ்விரண்டுக்கும் இடையே பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பது அடிக்கடி எழுந்த சிக்கலாகும்.

அவர் கற்ற பொருளியல் இதற்குத் தெளிவான விடை ஒன்றை வைத்திருந்தது. பராமரிப்புக்குக் கூடுதலாகச் செலவிடும் ஒரு டாலரும், விளையாட்டு வழிகாட்டிகளின் சம்பளத்துக்குக் கூடுதலாகச் செலவிடும் ஒரு டாலரும் ஒரே அளவு பயன் தரும் வகையில் பணத்தைப் பிரிக்கவேண்டும் என்பதே அவ்விடை. ஆனால் நேரில் சென்று பார்த்தபோது எவரும் அவ்வாறு எண்ணியதற்கான தடயமே இல்லை. அத்தகைய கணக்கைப் போடுவதற்குத் தேவையான தகவலும் எவரிடமும் இல்லை. ஒரு பூங்காச் செடியின் பயனையும் ஒரு பயிற்சியாளரின் பயனையும் ஒரே அளவுகோலால் அளப்பது எங்ஙனம்?

அவர் கண்டது வேறொன்று. பராமரிப்புப் பிரிவினர் திடலின் தோற்றமும் தூய்மையுமே முதன்மையானவை என்று நம்பினர். விளையாட்டுப் பிரிவினர் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளே முதன்மையானவை என்று நம்பினர். ஒவ்வொருவரும் தாம் சார்ந்த பிரிவின் குறிக்கோளோடு ஒன்றிப்போயிருந்தனர். பணப் பங்கீடு அந்தந்தப் பிரிவின் நோக்கிலிருந்தும் முந்தைய வழக்கத்திலிருந்தும் பிறந்தது.

பாடநூல் ஒன்று சொல்ல, மனிதர் வேறொன்று செய்தால், மனிதர் தவறிழைக்கின்றனர் என்று கொள்வது எளிது. சைமன் அவ்வாறு கொள்ளவில்லை. பாடநூல் எதிர்பார்க்கும் அறிவு மனிதருக்கு இல்லாதபோது அவர்கள் எவ்வழியில் அறிவார்ந்து நடக்க முயல்கின்றனர் என்று கேட்டார். இக்கேள்விக்கு விடை தேடுவதிலேயே அவருடைய அடுத்த அறுபது ஆண்டுகளும் கழிந்தன.

நகராட்சி ஆய்வுகள்

பட்டம் பெற்றதும் சைமன், பன்னாட்டு நகர மேலாளர் சங்கத்தைச் சேர்ந்த கிளாரன்ஸ் ரிட்லியின் ஆய்வு உதவியாளரானார். நகராட்சிகளின் பணிகளை அளவிடும் முறைகள் பற்றி இருவரும் எழுதிய நூல் 1938 இல் வெளிவந்தது. தீயணைப்பு, காவல், நூலகம் போன்ற சேவைகள் நன்கு நடைபெறுகின்றனவா என்பதை எவ்வாறு அறிவது என்பதே அந்நூலின் பொருள்.

1939 முதல் 1942 வரை கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உள்ளூராட்சி நிர்வாக ஆய்வுக் குழு ஒன்றுக்குத் தலைமை வகித்தார். பொருளாதாரப் பெருமந்தம் ஓய்ந்திராத அக்காலத்தில் ஏழைகளுக்கு உதவி வழங்கிய மாநில நிவாரண அமைப்பிலும் இக்குழு ஆய்வு நடத்தியது. ஓர் ஊழியர் எத்தனை குடும்பங்களைக் கவனிக்க முடியும் என்பது அதில் ஆராயப்பட்டது. பெர்க்லியில் இருந்துகொண்டே முனைவர் பட்டத் தேர்வுகளை அஞ்சல் வழியாக எழுதினார். நிர்வாகத்தில் முடிவெடுத்தல் பற்றிய ஆய்வேட்டை ஓய்வு நேரங்களில் எழுதி முடித்தார்.

1942 இல் சிகாகோவிலுள்ள இலினோய் தொழில்நுட்பக் கழகத்தில் அரசியல் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தார். அந்நாளில் சிகாகோவில் இயங்கிய கௌல்ஸ் ஆணையத்தின் கருத்தரங்குகளிலும் கலந்துகொண்டார். யாக்கோப் மார்ஷாக், ஷாலிங் கூப்மன்ஸ், கென்னத் ஆரோ முதலிய பொருளியலாளர்களோடு அங்கு பழகினார். பகுத்தறிவுடைய தேர்வு பற்றிய கணிதக் கோட்பாட்டை அதனை உருவாக்கியோரிடமிருந்தே அறிந்துகொள்ள இது வாய்ப்பளித்தது. 1948 இல் மார்ஷல் திட்டத்தைச் செயற்படுத்த வாஷிங்டனில் அமைக்கப்பட்ட பொருளாதார ஒத்துழைப்பு நிர்வாகத்தின் உருவாக்கத்திலும் பங்குகொண்டார்.

நிர்வாக நடத்தை நூல்

சைமனின் ஆய்வேடு விரிவுபடுத்தப்பட்டு 1947 இல் நிர்வாக நடத்தை என்னும் நூலாக வெளிவந்தது. தொலைபேசி நிறுவனத் தலைவராக இருந்தவரும், மேலாளரின் பணிகள் பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றை 1938 இல் எழுதியவருமான செஸ்டர் பர்னார்ட் இதற்கு முன்னுரை எழுதினார். இதன் நான்காம் பதிப்பு அரை நூற்றாண்டுக்குப் பின் 1997 இல் வெளிவந்தது.

அக்காலத்து நிர்வாக நூல்கள் சில பொது விதிகளை வகுத்திருந்தன. ஒரு மேலாளரின் கீழ் சிலரே இருக்கவேண்டும் என்பது ஒரு விதி. மேலிருந்து கீழ்வரை படிநிலைகள் குறைவாக இருக்கவேண்டும் என்பது மற்றொரு விதி. ஆனால் ஒருவரின் கீழ் இருப்போரைக் குறைத்தால் படிநிலைகள் கூடும். படிநிலைகளைக் குறைத்தால் ஒருவரின் கீழ் இருப்போர் கூடுவர். இரண்டையும் ஒருங்கே பின்பற்ற இயலாது. 1946 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் சைமன் இவ்விதிகளைப் பழமொழிகளுக்கு ஒப்பிட்டார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதும் பழமொழி. துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்பதும் பழமொழி. எது நடந்தாலும் அதற்கேற்ற ஒன்றைப் பின்னர் எடுத்துக்காட்டலாம். ஆனால் முன்கூட்டியே வழிகாட்ட அவை உதவா.

விதிகளுக்குப் பதிலாக முடிவெடுத்தலையே நிர்வாக ஆய்வின் அடிப்படை அலகாகக் கொள்ளவேண்டும் என்பது சைமனின் நிலைப்பாடு. தீயை அணைப்பவர் நகர மன்றத்து உறுப்பினர் அல்லர்; தீயணைப்பு வீரரே. அவ்வாறாயின் மேல்நிலையில் இருப்போரின் பணி யாது? கீழ்நிலையில் இருப்போர் எடுக்கும் முடிவுகளுக்கு அடிப்படையாகும் எடுகோள்களை அமைத்துத் தருவதே அவர்கள் பணி என்றார் சைமன். அதிகாரம், தகவல் தொடர்பு, பயிற்சி, செயற்றிறன் பற்றிய அளவுகோல், அமைப்போடு ஒன்றிப்போதல் ஆகியவை அவ்வாறு எடுகோள்களை ஊட்டும் வழிகள். அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. ஒவ்வோர் ஊழியருக்கும் ஓர் ஏற்புப் பரப்பு இருக்கிறது. அதற்குள் வரும் கட்டளைகளை அவர் ஆராயாது ஏற்கிறார். அதற்கு அப்பாற்பட்டவற்றை ஏற்பதில்லை.

முழுமையான பகுத்தறிவு ஏன் இயலாது என்பதற்கு இந்நூல் மூன்று காரணங்களைக் காட்டுகிறது:

1. ஒவ்வொரு வழியின் விளைவுகளையும் முழுமையாக அறிதல் வேண்டும். மனிதரின் அறிவோ எப்போதும் துண்டுதுண்டானது.
2. விளைவுகள் எதிர்காலத்தில் நிகழ்பவை. அவை நேரும்போது தமக்கு எவ்வளவு மதிப்புடையவையாக இருக்கும் என்பதை இன்றே உணர்தல் அரிது.
3. இயலக்கூடிய எல்லா வழிகளிலிருந்தும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். உண்மையில் ஒரு சில வழிகளே மனத்தில் தோன்றுகின்றன.

வரம்புக்குட்பட்ட பகுத்தறிவு

1955 இலும் 1956 இலும் வெளியிட்ட இரு கட்டுரைகளில் சைமன் தம் கருத்துக்குக் கணித வடிவம் கொடுத்தார். வரம்புக்குட்பட்ட பகுத்தறிவு என்னும் தொடர் 1957 இல் வெளிவந்த மனிதனின் மாதிரிகள் என்னும் தொகுப்பில் இடம்பெற்றது.

பொருளியல் நூல்களில் வரும் மனிதன் எல்லா வழிகளையும் அறிந்தவன். அவற்றின் விளைவுகளைக் கணித்து, உச்சப் பயன் தரும் ஒன்றைத் தேர்பவன். சைமன் காட்டும் மனிதனுக்கு ஓர் எதிர்பார்ப்பு மட்டம் இருக்கிறது. வழிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிறான். அம்மட்டத்தை எட்டும் முதல் வழியை ஏற்றுக்கொள்கிறான். எளிதில் வழி கிடைத்தால் எதிர்பார்ப்பு உயர்கிறது. நெடுநேரம் தேடியும் கிடைக்காவிட்டால் எதிர்பார்ப்பு தாழ்கிறது. இந்நடத்தையைக் குறிக்க, நிறைவளித்தல், போதுமாதல் ஆகிய இரு கருத்துக்களையும் தன்னுள் கொண்ட சாட்டிஸ்ஃபைசிங் என்னும் சொல்லைச் சைமன் வழங்கினார். தமிழில் இதனைப் போதுமாக்கல் எனலாம்.

வைக்கோற்போரில் ஊசி தேடுவதைக் கொண்டு இதனை விளக்குவர். போரில் உள்ள ஊசிகள் யாவற்றிலும் மிகக் கூரியது வேண்டுமென்றால் போர் முழுவதையும் கலைத்துப் பார்க்கவேண்டும். துணி தைக்கப் போதுமான கூர்மை இருந்தால் போதும் என்றால், அத்தகைய ஊசி ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடலாம்.

போதுமாக்கல் என்பது சோம்பலோ அறிவின்மையோ அன்று. தேடுவதற்கும் செலவு உண்டு. மேலும், மிகச் சிறந்ததைக் கண்டறிதல் பல வேளைகளில் இயலாத செயலாகும். சதுரங்கத்தில் விதிகள் யாவும் தெரிந்தவை. மறைவான தகவல் ஏதுமில்லை. ஆயினும் நிகழக்கூடிய ஆட்டங்களின் எண்ணிக்கை 1 ஐத் தொடர்ந்து 120 சுழிகள் இட்ட எண்ணுக்கு நிகரானது என்று கிளாட் ஷானன் 1950 இல் மதிப்பிட்டார். சதுரங்கத்திலேயே இந்நிலை என்றால், விதிகளே மாறிக்கொண்டிருக்கும் வணிகத்தில் மேலாளர் ஒருவர் யாவற்றையும் கணித்து முடிவெடுப்பார் என்று எதிர்பார்க்க இயலாது.

நிறுவனம் என்ற அமைப்பு ஏன் இருக்கிறது என்பதற்கும் இதிலிருந்தே விளக்கம் கிடைக்கிறது. பெரிய சிக்கலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் கையாளக்கூடிய அளவுக்குச் சுருக்கித் தருவதன் மூலம் நிறுவனம் தனிமனித அறிவின் வரம்பை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆனால் அப்பிரிப்பே ஒவ்வொருவரின் பார்வையையும் குறுக்குகிறது. மில்வாக்கியின் விளையாட்டுத் திடல்களில் அவர் கண்டது இதுவே.

கார்னகி ஆண்டுகள்

1949 இல் சைமன் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றார். இக்கழகம் 1967 இல் மெலன் நிலையத்துடன் இணைந்து கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ஆயிற்று. வில்லியம் லாரிமர் மெலனின் நன்கொடையால் அங்கு புதிதாகத் தொடங்கப்பட்ட தொழில் நிர்வாகப் பட்டமேற்படிப்புப் பள்ளியை லீலண்ட் பாக், வில்லியம் கூப்பர் ஆகியோருடன் சேர்ந்து சைமன் உருவாக்கினார். பொருளியல், கணிதம், நடத்தை அறிவியல் ஆகியவற்றை மேலாண்மைக் கல்வியின் அடித்தளமாக இப்பள்ளி கொண்டது. இதன் முறை பின்னர் வேறு பல பள்ளிகளாலும் பின்பற்றப்பட்டது.

இங்கு சைமனும் உடன் பணிபுரிந்தோரும் நிறுவனங்களுக்கு நேரில் சென்று முடிவுகளைக் கவனித்தனர். கணினி அடிப்படையிலான தகவல் முறைமையை வாங்குவதா என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்த வரலாற்றை ரிச்சர்ட் சயர்ட், டொனால்ட் டிராவ் ஆகியோருடன் எழுதி 1956 இல் வெளியிட்டார். அம்முடிவில் நேரத்தின் பெரும்பகுதி தகவல் திரட்டுவதிலும் வழிகளைத் தேடுவதிலுமே கழிந்தது. இறுதித் தேர்வு அதில் ஒரு சிறு பகுதியே.

1958 இல் டிவிட் டியர்போர்னுடன் சேர்ந்து மற்றோர் ஆய்வை வெளியிட்டார். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த 23 மேலாளர்களிடம் ஓர் உருக்கு நிறுவனத்தைப் பற்றிய நீண்ட விவரணம் தரப்பட்டது. புதிய தலைவர் முதலில் கவனிக்கவேண்டிய சிக்கல் எது என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. விற்பனைப் பிரிவைச் சேர்ந்த அறுவரில் ஐவர் விற்பனையே என்றனர். மற்ற 17 பேரில் ஐவர் மட்டுமே விற்பனையைக் குறிப்பிட்டனர். முழு நிறுவனத்தின் நோக்கில் பார்க்குமாறு கேட்டிருந்தும் ஒவ்வொருவரும் தம் பிரிவின் கண்ணாலேயே பார்த்தனர்.

அதே ஆண்டு ஜேம்ஸ் மார்ச்சுடன் இணைந்து எழுதிய நிறுவனங்கள் என்னும் நூல் வெளிவந்தது. கீழிருந்து மேலே தகவல் செல்லும்போது சான்றுகள் பின்தங்கிவிட, அவற்றிலிருந்து பெற்ற முடிபுகள் மட்டும் மேலே செல்கின்றன என்பது இந்நூலின் முக்கியமான கண்டுபிடிப்புகளுள் ஒன்று. கீழே இருந்த ஐயம் மேலே செல்லும்போது உறுதியாக மாறிவிடுகிறது. இதனை ஐயம் உறிஞ்சப்படுதல் என்பர். தலைமை மேலாளர் மேசையில் காணும் எண் எத்தனை ஊகங்களைக் கடந்து வந்தது என்பது அவருக்குத் தெரிவதில்லை.

1960 இல் வெளிவந்த மேலாண்மை முடிவின் புதிய அறிவியல் என்னும் நூலில், சிக்கலைக் கண்டறிதல், வழிகளை வகுத்தல், தேர்ந்தெடுத்தல் என முடிவெடுத்தலின் கட்டங்களைச் சைமன் பிரித்துக் காட்டினார். திரும்பத் திரும்ப வருவதால் விதிமுறையால் கையாளக்கூடிய முடிவுகள், முன்மாதிரி இல்லாத புதிய முடிவுகள் எனவும் வகைப்படுத்தினார். மேலாண்மைப் பாடநூல்களில் இவ்வகைப்பாடுகள் இன்றும் கற்பிக்கப்படுகின்றன.

கணினியும் மனித சிந்தனையும்

மேலாளர் தேடுகிறார் என்றால், எவ்வாறு தேடுகிறார் என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை காணச் சைமன் உளவியலுக்கும் கணினிக்கும் திரும்பினார். 1952 இல் ராண்ட் கழகத்தில் ஆலன் நியூவெலைச் சந்தித்தார். கிளிஃப் ஷாவும் இவர்களுடன் இணைந்தார். கணினி எண்களை மட்டுமன்றிக் குறியீடுகளையும் கையாளவல்லது. எனவே சிந்தனையின் படிகளை நிரலாக எழுதிப் பார்க்கலாம் என்று இவர்கள் கருதினர்.

இவர்கள் உருவாக்கிய தருக்கக் கோட்பாட்டாளன் என்னும் நிரல், செயற்கை நுண்ணறிவின் முதல் நிரல்களுள் ஒன்றாகும். 1956 ஜனவரியில், கணினியில் ஏற்றுவதற்கு முன்பே, சைமன் தம் குடும்பத்தாரையும் மாணவரையும் கூட்டி, நிரலின் பகுதிகளை அட்டைகளில் எழுதி ஆளுக்கொன்றாகக் கொடுத்து இயக்கிப் பார்த்தார். அவ்வாண்டின் ஆகஸ்ட் மாதம் ராண்ட் கழகத்தின் ஜானியாக் கணினியில் அந்நிரல் இயங்கியது. வைட்ஹெட், ரசல் ஆகியோரின் பிரின்சிப்பியா மாத்தமாட்டிக்கா நூலின் இரண்டாம் அத்தியாயத்திலுள்ள முதல் 52 தேற்றங்களில் 38 ஐ அது நிறுவியது. எல்லா வழிகளையும் சோதிக்காமல், தேடலைச் சுருக்கும் வழிகாட்டு விதிகளை அது பயன்படுத்தியது. வரம்புக்குட்பட்ட பகுத்தறிவு இயந்திரத்தில் செயற்பட்டதைப் போன்றது இது.

தொடர்ந்து பொதுச் சிக்கல் தீர்ப்பான் என்னும் நிரல் எழுதப்பட்டது. மனிதர் சிக்கல்களைத் தீர்க்கும்போது உரக்கச் சிந்திக்கச் செய்து, அதனைப் பதிவுசெய்து நிரலோடு ஒப்பிட்டனர். இவ்வாய்வுகள் 1972 இல் நியூவெலும் சைமனும் எழுதிய மனிதர் சிக்கல் தீர்த்தல் என்னும் பெருநூலாக வெளிவந்தன. 1973 இல் வில்லியம் சேஸுடன் செய்த ஆய்வில், தேர்ந்த சதுரங்க வீரர் ஆட்ட நிலைகளைக் காய் காயாக அன்றி, பழகிய தொகுதிகளாக நினைவில் கொள்கின்றனர் என்பது விளங்கியது. காய்களை ஒழுங்கின்றி அடுக்கியபோது அவர்களுடைய மேம்பாடு பெரிதும் மறைந்தது. அனுபவமிக்க மேலாளரின் உள்ளுணர்வும் இத்தகையதே என்பது சைமனின் விளக்கம்.

1969 இல் வெளிவந்த செயற்கையின் அறிவியல்கள் என்னும் நூல், மனிதர் வடிவமைக்கும் பொருட்களையும் அமைப்புக்களையும் ஆராயும் முறையைப் பேசுகிறது. 1971 இல் வெளியான உரையொன்றில், தகவல் பெருகும் உலகில் அருகிப்போவது மனிதரின் கவனமே என்று சைமன் எடுத்துக்காட்டினார். ஆகவே ஒரு தகவல் முறைமை எவ்வளவு தகவலைத் தருகிறது என்பதைவிட, எவ்வளவு தகவலை வடிகட்டி மேலாளரின் கவனத்தை மிச்சப்படுத்துகிறது என்பதே முக்கியம் என்றார். இணையம் பரவுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன் கூறப்பட்ட கருத்து இது.

கருத்து வேறுபாடுகள்

சைமனின் கருத்துக்களைப் பெரும்பாலான பொருளியலாளர்கள் உடனே ஏற்கவில்லை. சந்தையில் போட்டி இருப்பதால், தவறாக முடிவெடுக்கும் நிறுவனங்கள் அழிந்துவிடும். எஞ்சியவை உச்ச இலாபம் தேடியவை போலவே தோன்றும் என்பது அவர்களுள் ஒரு சாராரின் வாதம். எஞ்சியவை மற்றவற்றைவிட மேலானவை என்று மட்டுமே அதனால் பெறப்படும். மிகச் சிறந்தவை என்று பெறப்படாது என்பது சைமன் தரப்பின் மறுமொழி.

முரண்பாடு அவருடைய சொந்தப் பள்ளியிலேயே தோன்றியது. சைமன், ஃபிராங்கோ மொடிலியானி, ஜான் மூத், சார்ல்ஸ் ஹோல்ட் ஆகிய நால்வரும் சேர்ந்து, ஒரு வண்ணப்பூச்சுத் தொழிற்சாலை எவ்வளவு உற்பத்தி செய்து எவ்வளவு இருப்பு வைக்கவேண்டும் என்பதை ஆராய்ந்தனர். உண்மை நிலையை எளிமையாக்கி, அவ்வெளிய மாதிரிக்கு உச்சத் தீர்வு காணும் வழி அதில் கையாளப்பட்டது. எளிமையாக்கிய உலகில் உச்சத் தீர்வு காணலாம். அல்லது உண்மையான உலகில் போதுமான தீர்வு காணலாம் என்பது இதிலிருந்து சைமன் பெற்ற பாடம். ஆனால் அதே குழுவைச் சேர்ந்த மூத், 1961 இல் பகுத்தறிவுசார் எதிர்பார்ப்புக் கோட்பாட்டை முன்வைத்தார். பின்னர் கார்னகியிலேயே பணியாற்றிய ராபர்ட் லூக்கஸ் அதனைப் பேரினப் பொருளியலில் வளர்த்தார். ஒன்றுக்கொன்று எதிரான இரு கோட்பாடுகள் ஒரே ஆய்வுக் குழுவிலிருந்து பிறந்தன. பள்ளியில் பொருளியலாளர்களின் நோக்கு மேலோங்கியபோது, சைமன் அங்கிருந்து விலகி உளவியல் துறையில் தம் பணியை அமைத்துக்கொண்டார்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய அவருடைய கணிப்புக்களும் குறைகூறப்பட்டன. பத்து ஆண்டுகளுக்குள் கணினி உலகச் சதுரங்க வாகையர் ஆகும் என்று 1958 இல் நியூவெலுடன் எழுதினார். உலக வாகையரான காஸ்பரோவை டீப் புளூ கணினி வென்றது 1997 இல் தான். இருபது ஆண்டுகளில் மனிதர் செய்யும் எவ்வேலையையும் இயந்திரங்கள் செய்யும் என்று 1965 இல் கூறியதும் அக்காலத்துக்குள் நிறைவேறவில்லை. மெய்யியலாளர் ஹ்யூபர்ட் டிரைஃபஸ் இக்கணிப்புக்களைக் கடுமையாக விமர்சித்தவர்களுள் முதன்மையானவர். எதிர்காலத்தை அறிவதில் மனிதருக்குள்ள எல்லை அதனை எடுத்துரைத்தவருக்கும் பொருந்தியது.

போதுமாக்கல் கோட்பாட்டுக்கு எதிராகவும் ஒரு குறை சொல்லப்படுகிறது. எதிர்பார்ப்பு மட்டம் எவ்விடத்தில் அமையும் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாவிடில், எம்முடிவையும் போதுமானது என்று பின்னர் விளக்கிவிடலாம் என்பதே அது. இதனால்தான் ஊகித்தலைவிட நேரில் கவனித்தலையே சைமன் பெரிதும் வலியுறுத்தினார்.

பரிசுகளும் இறுதிக்காலமும்

பொருளாதார நிறுவனங்களுள் முடிவெடுக்கும் செயல்முறை பற்றிய முன்னோடி ஆய்வுக்காக 1978 இல் நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. பொருளியல் துறையில் பணியாற்றாத ஒருவருக்கு அது வழங்கப்பட்டமை பலருக்கு வியப்பளித்தது. 1986 இல் அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கத்தைப் பெற்றார். முன்னதாக 1968 முதல் 1972 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்தார்.

1972 இல் முதன்முறையாகச் சீனாவுக்குச் சென்ற சைமன், பின்னர் பலமுறை அங்கு சென்று சீன உளவியலாளர்களுடன் இணைந்து ஆய்வு செய்தார். சீன மொழியையும் கற்றார். 1994 இல் சீன அறிவியல் கழகம் இவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. தன்வரலாற்றை என் வாழ்வின் மாதிரிகள் என்ற பொருள்படும் தலைப்பில் 1991 இல் வெளியிட்டார்.

எண்பது வயதைக் கடந்த பின்னும் கற்பித்தலையும் ஆய்வையும் தொடர்ந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் 2001 பெப்ரவரி 9 ஆம் நாள் பிட்ஸ்பர்க்கில் தமது 84 ஆம் வயதில் காலமானார்.

தாக்கம்

சயர்ட்டும் மார்ச்சும் 1963 இல் வெளியிட்ட நிறுவனத்தின் நடத்தைக் கோட்பாடு சைமனின் வழியில் எழுந்தது. கார்னகியில் முனைவர் பட்டம் பெற்ற ஆலிவர் வில்லியம்சன், ஒப்பந்தங்கள் ஏன் முழுமையடைவதில்லை என்பதற்கு வரம்புக்குட்பட்ட பகுத்தறிவை அடிப்படையாகக் கொண்டார். அவருக்கு 2009 இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரின் மதிப்பீட்டுப் பிழைகளை ஆராய்ந்த டேனியல் கானமன் 2002 இலும், நடத்தைப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 2017 இலும் அப்பரிசைப் பெற்றனர். எளிய விதிகள் பல வேளைகளில் சிக்கலான கணக்குகளைவிட நன்கு பயன்படும் என்று காட்டிய ஜெர்மானிய உளவியலாளர் கேர்ட் கிகரென்சரும் சைமனைத் தம் முன்னோடியாகக் கொள்கிறார்.

ஒரு முடிவு சரியானதா என்று கேட்பதோடு நில்லாமல், அம்முடிவை எடுத்தவருக்கு எத்தகவல் கிடைத்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எப்பிரிவின் பார்வையில் நின்று பார்த்தார் என்றும் கேட்கும் வழக்கத்தை நிர்வாக இயலில் நிலைநிறுத்தியது சைமனின் முதன்மையான பங்களிப்பாகும். முடிவுகளைத் திருத்த விரும்புவோர் மனிதரைக் குறைகூறுவதற்கு முன், அவர்கள் முடிவெடுக்கும் சூழலைத் திருத்தவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் நடைமுறைப் பயன்.